சிங்கத்தோடு ஒட்டிய மீனும் புலியருகே நின்ற கயலும்

வில்லாபுரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாண்டியரின் இணைக்கயல் போல வெளிநாட்டு ஊர் எதற்காவது மீன் சின்னம் உண்டா? உண்டு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் பகுதியில் இருக்கும் கிரேட் யார்மவுத் என்ற துறைமுக நகரத்துக்கு.

அந்த நகரத்தை வாழவைத்தது ஹெர்ரிங் மீன். நம் கடற்கரையில் கிடைக்கும் சாளைக்கு உறவு. இலையுதிர் காலத்தில் பெருங்கூட்டமாக வரும் அதைப் பிடித்து, உப்பிட்டு, புகையிலிட்டு, தூர தேசங்களுக்கு அனுப்பினார்கள். ஊரின் பழைய கேடயச் சின்னத்தில், நீலத்தின் மேல் மூன்று வெள்ளி ஹெர்ரிங் மீன்கள் மட்டுமே இருந்தன. உழைத்துப் பிழைக்கும் ஊரின் அடையாளம்.

1340-இல் ஸ்லூயிஸ் கடற்போரில் மூன்றாம் எட்வர்டு மன்னர் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்தார். யார்மவுத் மாலுமிகள் அவருக்குப் பெருந்துணையாக நின்றார்கள். அதற்குப் பரிசாக, தம் மூன்று தங்கச் சிங்கங்களை ஊர்ச் சின்னத்தோடு இணைத்துக்கொள்ள மன்னர் அனுமதி தந்தார் என்பது அவ்வூர் வழக்கு.

இணைத்த விதத்தைக் கவனியுங்கள். கேடயத்தை நெடுக்குவாட்டில் இரண்டாக வகுத்தார்கள். பார்ப்பவருக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம். சிவப்பில் சிங்கத்தின் தலையும் முன்னங்கால்களும். கோட்டைத் தாண்டியதும் நீலத்தில் ஹெர்ரிங்கின் உடலும் வாலும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று உருவங்கள். மீனவர்களுக்கு அது பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் முகம் அரசருடையது, வால் ஊருடையது. இரண்டு சின்னங்கள் சேரும்போது எது முன்னே நிற்கிறது என்பதில்தான் அதிகாரம் பேசுகிறது.

இதே பாடத்தை, அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் செப்பேடுகள் எழுதிவைத்துவிட்டன. 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றைக் கோத்த வளையத்தில் முதலாம் ராஜேந்திர சோழனின் முத்திரை இருக்கிறது. அதில் புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு கயல்கள், கீழே சேரரின் வில், மேலே வெண்கொற்றக்குடை, இருபுறமும் சாமரங்கள். இந்த ஆணை மன்னர்களின் மணிமுடிகள் மேல் ஏறியது என்ற பொருளில் சுற்றிலும் கிரந்த எழுத்து. குடை நிழல் புலிக்கு; கயலும் வில்லும் அதற்குப் பணிந்தவை. மதுரையில் ராஜேந்திரன் தன் மகனையே 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்தோடு உட்காரவைத்த காலம் அது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த அரசியல் முழுவதும் ஒரே முத்திரையில் இருக்கிறது.

கயல் அதற்கெல்லாம் வெகுகாலம் மூத்தது. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சங்ககாலச் செப்புக் காசில், ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கோடுகளால் ஆன மீன் வடிவம். ஆர். கிருஷ்ணமூர்த்தி அதைப் படித்து வெளியிட்ட பிறகுதான், பாண்டியர் தங்கள் பெயரையும் சின்னத்தையும் எவ்வளவு முன்பே காசில் அடித்தார்கள் என்பது உறுதிப்பட்டது.

புலியருகே நின்ற அந்தக் கயல் மறுபடி தலையெடுத்தது 13-ஆம் நூற்றாண்டில். 1251-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில் சோழர் கை தாழ்ந்தது. 1279-க்குப் பிறகு சோழ அரசே இல்லை. பாண்டியர் படை போன இடமெல்லாம் கயலும் போனது. இரண்டு மீன்கள் நிமிர்ந்து நிற்க, நடுவே செண்டு என்னும் ஒரு வளைகோல். இதுதான் அவர்கள் கோயில் கற்களில் செதுக்கிய வடிவம். அதே காலத்துப் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் இலங்கையை வென்று, கோணமலையில் கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கோணமலையான திருகோணமலையில் போர்த்துகீசியர் 1620-களில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். பிரெட்ரிக் கோட்டை என்று இன்று அழைக்கப்படும் அதன் வாயிலில் இணைக்கயல் பொறித்த கல் இருக்கிறது. கட்டியவர்களுக்கு அது வெறும் கல். நமக்கோ பாண்டியர் கடல் கடந்ததற்குச் சாட்சி.

யார்மவுத்தின் மீன் ஊராரின் தொழிலில் பிறந்து அரசரிடம் போய்ச் சேர்ந்தது. நம் கயல் அரசரிடம் பிறந்து ஊராரிடம் வந்து சேர்ந்தது. பாண்டியர் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் மதுரை ரயில் நிலைய வாசலில் சிலை வைக்க நினைத்தவர்கள் மீன்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எந்த மன்னரின் அனுமதியும் இல்லாமல் ஒரு நகரம் தானாக எடுத்துக்கொண்ட சின்னம் இது என்பதால், யார்மவுத்தின் பொற்சிங்கத்தைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். வில்லாபுரம், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் வட்டாரத்திலும் அதைத் தாண்டிய கிராமங்களிலும் பழைய கோயிலுக்குப் போகும்போது தலை நிமிர்ந்து விதானக் கல்லைப் பாருங்கள், நிலைக்கல்லையும் பாருங்கள். இணைக்கயல் தெரிந்தால் படமெடுத்து, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திருப்பணி என்ற பெயரில் அதன்மேல் மணல் பீய்ச்சவோ, பெயிண்ட் பூசவோ யாராவது வந்தால் தடுத்து நிறுத்துங்கள். செதுக்கல் தேய்ந்துபோனால் திரும்ப வராது.