அரைநாள் பள்ளியை வீழ்த்திய போராட்டம்

பணம் இல்லை என்று அரசு பொதுச் சேவையைக் குறைத்தால் மக்கள் என்ன செய்ய முடியும்? தமிழக வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம், 1953-54ல் நடந்த குலக்கல்வித் திட்ட எதிர்ப்பு.

அப்போது சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி. ஏராளமான பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. புதிய பள்ளிகள் கட்டவும் ஆசிரியர்களை நியமிக்கவும் நிதி போதவில்லை. எனவே கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாணவனுக்கு தினம் 3 மணி நேரமே வகுப்பு என்றார். ஒரே பள்ளி இரண்டு வேளையாக நடக்கும். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும்.

சிக்கல் இதில்தான். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த மயிலாடும்பாறை போன்ற ஊரை எண்ணிப் பாருங்கள். ஆடு மேய்ப்பவர் மகன் பாதி நாள் ஆட்டின் பின்னால் போக வேண்டும்; மதுரை நகரத்துப் பிள்ளை முழுநாளும் படிக்கும்.

இது சாதித் தொழிலை நிலைநிறுத்தும் திட்டம் என்று பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதுவே. அதே மாதம் சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்திற்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138! தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் ஆளும் காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வளர்ந்தது.

1954ல் ராஜாஜி உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. 1956ல் மதிய உணவுத் திட்டமும் வந்தது.

கஜானா அதே கஜானாதான். எதற்கு முதலில் செலவு செய்வது என்ற முடிவுதான் மாறியது. அதை மாற்ற வைத்தது மக்களின் எதிர்ப்பு.