மதுரை மாநகரும் மறைந்த நீர்நிலைகளும்



நகரத்தின் சரித்திரமென்றால் அதனை ஆண்ட அரசரின் வரலாறே என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வரசர் ஆண்ட நிலத்திற்கும், அந்நிலத்தில் ஓடிய நீருக்கும் சரித்திரம் உண்டு. மதுரை வளர வளர அதன் நிலமும் நீரும் அடைந்த மாறுதல்களை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மதுரையின் அகழி மிகப் பழமையானது. மதுரைக்காஞ்சியும் அதனைக் குறிக்கின்றது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழங்கோட்டையை நீக்கி, 72 கொத்தளங்களோடு பெருங்கோட்டையும் அகழியும் அமைத்தார். ஜனங்கள் பெருகி நகரம் நெருக்கமுறவே, 1840-ஆம் வருஷத்தை யொட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் துரை மதிலை இடிப்பித்து, அம்மண்ணாலேயே அகழியைத் தூர்ப்பித்தார். இன்றைய வெளி வீதிகள் அவ்வாறு பிறந்தவையே. அப்பணியில் உழைத்தோரின் பெயர்களை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

1875-இல் இருப்புப்பாதை வந்தது. 1889-இல் வைகையின்மீது ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுந்தது. அதன்பின் நகரம் வடகரையில் தடையின்றிப் பரவலாயிற்று. 1895-இல் பெரியாற்று நீர் வந்து மேலூர் வரையில் வயல்களைச் செழிப்பித்தது. ஒருபுறம் வயல் பெருக, நகரையடுத்த வயல்களோ மனைகளாயின.

கண்மாய்கள் அழிந்த வகையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். முதலில் அழிந்தது கண்மாயன்று. அதன் கீழிருந்த ஆயக்கட்டே. பாய்ச்சுதற்கு வயல் இல்லாதபோது மடையைத் திறப்பாரும், வரத்துக் காலை வெட்டுவாரும், கரையைக் காப்பாரும் இலராயினர். காவலற்ற கண்மாய் வெறும் நிலமெனக் கருதப்பட்டது. தல்லாகுளத்தில் மாநகராட்சி மாளிகையும், மாட்டுத்தாவணியில் பஸ் நிலையமும், உலகனேரியில் 2004-இல் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றக் கிளையும் கண்மாய் நிலங்களில் எழுந்தவை. குளமும் ஏரியும் பெயரளவில் சாட்சியாயின. கூடலழகர் சந்நிதிக்கு மாலைபோல் வளைந்தோடியதாகப் போற்றப்படும் கிருதுமால் நதியும் நகரினுள் சாக்கடையாயிற்று.

நீரோ தன் பழைய வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபரில் பெருமழை பெய்தபோது செல்லூர்ப் பகுதியில் வீடுகளுட் புகுந்த வெள்ளம் இதனை யாவர்க்கும் உணர்த்திற்று.

ஆயினும் மனந்தளர வேண்டுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர்த் தெப்பக்குளம் நெடுங்காலம் வறண்டு, சிறுவர் விளையாடும் வெளியாய்க் கிடந்தது. அண்மை வருஷங்களில் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைப் பாய்ச்சவே, குளம் நிறைந்து தெப்பம் மிதக்கின்றது. கால்வாய் பிழைத்தால் குளமும் பிழைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம்மவருள் பலர் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு நகர்ப்புறத்தில் மனை வாங்குகின்றனர். கிரயப்பத்திரத்தை மட்டும் நோக்காது, அவ்விடம் முன்னர்க் கண்மாயோ, கால்வாயோ, வயலோ என்பதைப் பழைய கிராமப் படத்திலும் முதியோர் வாயிலாகவும் விசாரித்தறிதல் வேண்டும். தம் ஊரில் எஞ்சிய கண்மாயின் கரையை ஒவ்வொரு குடும்பத்தாரும் மக்களுடன் ஒருமுறையேனும் சுற்றி வருவாராக. அறிந்த பொருளையன்றோ மனிதர் காப்பர்!