அட்டாலியில் கிடக்கும் செயின் சா

நாமக்கல் பக்கம் சொந்தக்காரங்க தோட்டம் இருந்தா, அடுத்த தடவை போகும்போது சாளையோட அட்டாலியை ஒருமுறை எட்டிப் பாருங்க. பழைய மோட்டார், மருந்தடிக்கிற டேங்க், உடைஞ்ச கட்டில் கால் இதுக்கெல்லாம் நடுவுல, மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கருப்பா அப்பிப்போன ஒரு மிஷின் கிடக்க வாய்ப்பு இருக்கு. ஊர்ல அதுக்குப் பேரு ‘மரம் அறுக்கிற மிஷின்’, இல்லேன்னா ‘பவர் சா’. கடை பில்லில் ‘செயின் சா’ன்னு இருக்கும்.

அதை மறுபடி ஓட வைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். வரலாற்று நிகழ்ச்சியில ரிப்பேருக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். இந்த மிஷினைக் கழட்டினா, ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு காலத்துல வந்து சேர்ந்தது தெரியும். உங்க கையில இருக்கிற மிஷின் எந்தக் காலத்தோட நின்னுபோச்சுன்னு தெரியாம கயிற்றை இழுக்கிறது ஆபத்து. ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல அந்த இன்ஸ்டாகிராம் ரீல் விஷயம். ‘செயின் சாவைக் கண்டுபிடிச்சதே பிரசவத்துக்காக’ன்னு பார்த்திருப்பீங்க. பாதி உண்மை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரேன்னு ரெண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் பல் வச்ச ஒரு சின்னச் சங்கிலியைப் பயன்படுத்தினாங்க. ரெண்டு முனையிலும் கைப்பிடி. எலும்பை அறுக்க அதைக் கையால முன்னும் பின்னும் இழுப்பாங்க. 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் அதைக் கைப்பிடி சுத்துற கருவியாக மாத்தினார். ஆனா அங்கிருந்து காட்டு மரத்துக்கு நேரா ஒரு கோடு போட்டுட முடியாதுங்கறது என் கணிப்பு. மரம் வெட்டுறவங்களோட பிரச்சினையே வேற.

அந்தப் பிரச்சினை என்னன்னு நம்ம ஊர் அறுப்புக் குழியைப் பார்த்தா புரியும். மரத்தைக் குழிக்கு மேல குறுக்கே போட்டு, ஒருத்தர் மேல நிப்பார், ஒருத்தர் கீழே. நடுவுல ஆள் உயர ரம்பம். கீழே நிக்கிறவர் கண்ணுல, மூக்குல நாள் முழுக்க மரத்தூள் கொட்டும். நாமக்கல் இன்னைக்கு லாரி பாடி கட்டுற ஊர்னு இந்தியா முழுக்கத் தெரியும். அந்த பாடிகள் முன்னாடி பெரும்பாலும் மரத்துல கட்டினவை. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலயும் இழுத்து அறுத்த கை இருந்திருக்கு.

ஜெர்மனியில ஆந்திரேயாஸ் ஷ்டில் 1926-ல் மின்சாரத்துல ஓடுற சங்கிலி ரம்பத்தைக் கொண்டுவந்தார். எடை 64 கிலோ. தூக்கவே ரெண்டு பேர் வேணும், அதோட காட்டுக்குள்ள மின்சாரமும் வேணும். 1929-ல் பெட்ரோலில் ஓடுறது வந்தது. அதுவும் 46 கிலோ. ஒரே ஆள் தூக்கிப் பிடிக்கிற மாதிரி வர 1950 ஆகிடுச்சு.

சரி, அட்டாலி மிஷினுக்கு வருவோம். கயிற்றை உடனே இழுக்காதீங்க. ஸ்பார்க் பிளக்கையும் சைலன்சரையும் கழட்டி, டார்ச் அடிச்சு உள்ளே பிஸ்டனைப் பாருங்க. பக்கவாட்டு வழவழன்னு இருந்தா மிஷினுக்கு உயிர் இருக்கு. மேலிருந்து கீழே ஆழமா கீறல் கீறலா இருந்தா, யாரோ ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டியிருக்காங்க. இந்த மிஷினுக்கு என்ஜின் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோட வர்ற ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாத்தும். அதுதான் ரெண்டு ஸ்ட்ரோக்.

ஒரு காலத்துல இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980-ல் ஓசூர்லருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதுல பால்கேன் போகாத கிராமமே இந்தப் பக்கம் இருந்திருக்காது. 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100. பங்க்ல போய் ‘ஆயில் பெட்ரோல்’னு கேட்டா கலந்தே போடுவாங்க. தெருவுக்கு ஒரு ரெண்டு ஸ்ட்ரோக் மெக்கானிக் இருந்தார். சத்தத்தை வச்சே ரிங் தேய்ஞ்சிருக்கா, கார்பரேட்டர் அடைப்பான்னு சொல்லிடுவார். பைக்குகள் எல்லாம் நாலு ஸ்ட்ரோக் ஆன பிறகு அந்தக் காதுகளுக்கு வேலை குறைஞ்சுபோச்சு. செயின் சாவை ரிப்பேர் பண்ண ஆள் தேடுறீங்கன்னா, பழைய டிவிஎஸ் 50 பார்த்தவரைத் தேடுங்க. ரெண்டும் ஒரே ஜாதி என்ஜின்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அவரும் கொஞ்சம் திகைக்கலாம். பைக் கார்பரேட்டருக்குள்ள ஒரு மிதவை இருக்கும், நேரா நின்னாத்தான் வேலை செய்யும். மரம் அறுக்கிறவர் மிஷினைப் படுக்க வைப்பார், சாய்ப்பார், சில சமயம் தலைகீழாவும் பிடிப்பார். ஆரம்பகால மிஷின்கள்ல என்ஜினை நேரா வச்சுக்கிட்டு பிளேடை மட்டும் திருப்புவாங்க. 1950கள்ல மிதவைக்குப் பதிலா மெல்லிய சவ்வு மாதிரி டயாஃப்ரம் வச்ச கார்பரேட்டர் பரவின பிறகுதான் எந்தக் கோணத்திலும் ஓட முடிஞ்சது.

கிடப்புல போட்ட மிஷின் முதல்ல சாகிறதும் அந்தச் சவ்வுலதான். நாம இப்போ போடுறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊற வைக்கும், பிறகு விறைக்க வைக்கும். டேங்க்ல பாதி பெட்ரோலோட ரெண்டு வருஷம் வச்சிருந்தா, குழாய் கையில எடுத்தாலே பொடியா உதிரும். (எத்தனாலுக்கு மக்காச்சோளம் போறதால தீவன விலை ஏறுதுன்னு கோழிப்பண்ணைக்காரங்க புலம்புறது தனிக்கதை. அதை இன்னொரு எபிசோட்ல பேசுவோம்.) டயாஃப்ரம், ரப்பர் குழாய், ஃபில்டர் மூணையும் புதுசா மாத்தி, கார்பரேட்டரைக் கழுவினா பாதி மிஷின்கள் எழுந்துடும். ஆயில் அளவு டேங்க் மூடியில எழுதியிருக்கும். பழையதுல பல மிஷின்களுக்கு லிட்டருக்கு 40 மில்லி, புதுசுல பெரும்பாலும் 20.

அடுத்தது சங்கிலி. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை இதுதான். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டுல ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுறவர், ஒரு வெட்டுமரத் துண்டைத் துளைச்சுக்கிட்டிருந்த வண்டுப் புழுவைப் பார்த்தார். அது தாடையை இடமும் வலமுமா மாத்தி மாத்திக் கடிச்சு, மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடினாலும் தடையில்லாம உள்ளே போகுது. அதே மாதிரி இடது பல், வலது பல்னு மாறி மாறி வர்ற சங்கிலியைச் செஞ்சு, 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். உங்க அட்டாலி மிஷின்ல இருக்கிறதும் அந்தப் புழுவோட தாடைதான். அறுக்கும்போது ஒரு பக்கமா வளைஞ்சு போகுதுன்னா, ஒரு பக்கப் பல் மட்டும் மழுங்கியிருக்குன்னு அர்த்தம். உருண்டை அரம் எடுத்து, ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில இழுங்க.

கொல்லிமலையில மிளகுக் கொடி ஏறுற சில்வர் ஓக், கீழே மலைவேம்பு, காகித ஆலைக்குப் போற சவுக்கு, புயலுக்கு விழுந்த தென்னை. எல்லாத்துக்கும் இந்த மிஷின் வேணும். 2018 நவம்பர்ல கஜா புயல் டெல்டாவுல தென்னந்தோப்புகளைச் சாய்ச்சப்போ, பாதையை மறிச்ச மரங்களை அறுத்து வழி உண்டாக்குறதுதான் முதல் வேலையா இருந்துச்சு. அந்த மாதிரி நேரத்துலதான் கிடப்புல போட்ட மிஷினை அவசரமா இறக்கி, தட்டிக்கொட்டி ஓட வைப்பாங்க.

அங்கேதான் எனக்குப் பயம். பிளேடு நுனியோட மேல்பாகம் மரத்துல பட்டா, மிஷின் கண் இமைக்கிறதுக்குள்ள மேலே எகிறி முகத்துக்கும் கழுத்துக்கும் திரும்பும். இதைத் தடுக்கிற சங்கிலி பிரேக் பரவினது 1970கள்லதான். முன்கைப்பிடிக்கு முன்னால ஒரு தட்டு இருக்கும். மிஷின் எகிறும்போது அந்தத் தட்டு முன்னால தள்ளப்பட, உள்ளே ஒரு இரும்புப் பட்டை கிளட்சைச் சுத்தி இறுகி, ஓடுற சங்கிலியை அப்படியே நிறுத்தும். கையில நடுக்கம் ஏறி விரல் வெளுத்துப்போறதைக் குறைக்க, கைப்பிடிக்கு ரப்பர் வச்சது அதுக்குச் சில வருஷம் முன்னாடி, 1960கள்ல.

நம்ம ஊர்ல ரிப்பேர் ஆகி வர்ற மிஷின்கள்ல அந்தத் தட்டு உடைஞ்சிருக்கும். இல்லேன்னா ‘இடைஞ்சலா இருக்கு’ன்னு யாராவது கழட்டி வீசியிருப்பாங்க. என்ஜின் ஜோரா உறுமும். அறுக்கவும் செய்யும். அதனால மிஷின் ரெடின்னு கையில கொடுத்துடுவாங்க. பிடிக்கிறவர் பெரும்பாலும் தினக்கூலி. ஹெல்மெட் இல்லை, கால்ல செருப்பு. பிரேக் இல்லாத மிஷினை வாங்கிக்க மாட்டேன்னு சொல்லக்கூடிய இடத்துல அவர் இல்லை. ரிப்பேர் பண்ணிக் கொடுக்கிறவரும், மிஷினுக்குச் சொந்தக்காரரும்தான் அதைச் சொல்ல முடியும்.

ஆக, மிஷின் ஸ்டார்ட் ஆன பிறகு மூணு சோதனை. மெதுவா ஓடும்போது சங்கிலி அசையாம நிக்கணும். நல்லா முடுக்கிட்டு அந்தத் தட்டைத் தள்ளினா அந்த நொடியே நிக்கணும். கடைசியா, பிளேடு நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு நேரா காட்டி முடுக்கினா, எண்ணெய் மெல்லிய கோடா தெறிக்கணும். கோடு வரலைன்னா எண்ணெய் பம்ப் அடைச்சிருக்கு, சுத்தம் பண்ணிக்கலாம். தட்டு இல்லைன்னாலோ, பட்டை தேய்ஞ்சிருந்தாலோ, அதுக்கான உதிரிபாகம் கிடைக்கிற வரைக்கும் சங்கிலியைத் தனியாக் கழட்டி எண்ணெய்ல போட்டு வச்சுடுங்க.