நூலிலிருந்து நுண்குமிழி வரை

"சேர், ஒரு ஊசியால எங்கட கலத்தையே மருந்தா மாத்த ஏலுமாமே, மெய்யா?"

பத்திரிகைத் துண்டொன்றோடு வந்து இப்படிக் கேட்டார் ஒரு மாணவர். தமிழ் படிப்பிக்கிற எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடிப் படித்ததில் கண்ட வரலாறு இது.

குர்துபாவுக்கு அருகே மதீனதுஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 அளவில் பிறந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. 'கிதாபுத் தஸ்ரீப்' என்ற அவரது நூல் 30 பாகங்கள் கொண்டது; கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. விலங்குக் குடலிலிருந்து எடுத்த நூலால் உட்காயத்தைத் தைப்பதை அதில் எழுதினார். அந்நூலை உடல் தானே கரைத்துக்கொள்ளும். தையல் பிரிக்க மீண்டும் வெட்டத் தேவையில்லை. "எல்லாம் அன்றே நம்மவர் கண்டது" என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. கலம் என்று ஒன்று இருப்பதே அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து வைக்கும் எந்தப் பொருளை உடல் ஏற்கும் என்ற கேள்வி அங்கே இருக்கிறது.

அதே கேள்வியோடு நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில், டாக்டர் எம்.எஸ். வலியதானும் குழுவினரும் வருடக்கணக்காகப் போராடினார்கள். வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதானவர்கள் ஏராளம். இறக்குமதி வால்வோ ஏழைக்கு எட்டாத விலை. செய்து பார்த்த மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பர் 6ஆம் திகதி ஒரு நோயாளருக்குப் பொருத்தப்பட்டது. குரோமியம்-கோபால்ட் கலப்புலோகக் கூடு, பொலிஎதிலீன் தட்டு, பொலியெஸ்டர் வளையம், அவ்வளவுதான். பன்றித் திசுவில் செய்த வால்வுகளும் உலகில் உண்டு. அதுபற்றிக் கேட்டு அலைந்தவர்கள் நம்மிலும் உண்டு. சித்ரா வால்வில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இவற்றில் பொருளின் வேலை, உடலோடு சண்டை பிடிக்காமல் இருப்பது மட்டுமே. செய்தி சுமக்கும் வேலை வேறொரு வழியில் வந்தது. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம், கொழுப்புப் பொருள் நீரில் தானாகவே நுண்குமிழிகளாக மூடிக்கொள்வதைக் கண்டார். குமிழிக்குள் மருந்தை வைத்து அனுப்பலாமே என்ற யோசனை அங்கிருந்து வளர்ந்தது. கொரோனாக் காலத்தில் நம்மில் பலர் கையில் ஏற்றிக்கொண்ட பைசர் ஊசி அந்த வம்சத்துக் கொழுப்புத் துணிக்கைதான். உள்ளே இருந்தது எம்.ஆர்.என்.ஏ. என்ற கட்டளை. நம் கலங்கள் அதை வாசித்து வைரஸின் புரதத்தைச் செய்தன. வதந்தி பேசிய நாக்குகளுக்கு இது தெரியாது.

இன்னொரு பாதையும் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளரின் டீ கலங்களை வெளியே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும் ஏற்பியொன்றை ஆய்வுகூடத்தில் பொருத்தி, பெருக்கி, மீண்டும் ஏற்றுவது. பெயர் கார்-டீ. அமெரிக்கா 2017இல் முதல் அனுமதி வழங்கியது. மும்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு வைத்தியசாலையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 ஒக்டோபரில் இந்திய அனுமதி பெற்றது. அமெரிக்க விலையின் சிறு பங்குதான். ஆனாலும் அப்போது சுமார் 40 இலட்சம் இந்திய ரூபாய்! ஒவ்வொரு நோயாளருக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கலங்களை ஏற்றுமுன் கீமோ மருந்தும் உண்டு.

இரண்டு பாதைகளும் சேர்ந்த இடத்தில்தான் அந்த மாணவரின் கேள்வி நிற்கிறது. கலத்தை வெளியே எடுக்காமல் கட்டளையை உள்ளே அனுப்பினால் என்ன? 2017இல் சியாட்டிலில் மத்தியாஸ் ஸ்டீபன் குழு, நுண்துணிக்கைகளால் எலிகளின் உடலுக்குள்ளேயே டீ கலங்களை மாற்றிக் காட்டியது. 2022 ஜனவரியில் பென்சில்வேனியாக் குழு, டீ கலத்தைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரியைக் கொழுப்புத் துணிக்கையின் மேல் பதித்து எலிகளுக்கு ஏற்றியது. மாறிய கலங்கள் இருதயத்தைத் தழும்பாக்கும் கலங்களைத் தாக்கின. இருதயத்தின் வேலை தேறியது. எம்.ஆர்.என்.ஏ. சில நாளில் அழிந்துவிடும். பக்கவிளைவு நீடிக்காது என்பது அதில் நன்மை; திரும்பத் திரும்ப ஏற்ற நேரலாம் என்பது குறை. 2025இல் சீனாவில் லூபஸ் நோயாளர் ஐவருக்கு இவ்வழியில் சிகிச்சை அளித்த முடிவும் வெளிவந்தது. ஐந்து பேர்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

"ஏலும், ஆனா இன்னும் பரிசோதனையிலதான் இருக்குது" என்று அவரிடம் சொன்னேன். பல்லேகமயிலிருந்து புற்றுநோயாளர் ஒருவர் மஹரகம போவதென்றால் ரிவஸ்டன் ஏறி, ரத்தோட்டை இறங்கி, மாத்தளை வந்து, அதன்பிறகும் கொழும்புப் பக்கம் மணிக்கணக்கில் பஸ்ஸில் இருக்கவேண்டும். கலத் தொழிற்சாலை இந்த மலைக்கு வராது. குளிர்பெட்டியில் வைத்த ஊசி வரலாம். பைசர் ஊசியும் அப்படிக் குளிரில் வைத்துத்தானே நாடெங்கும் போனது.

"அப்ப விலை எவ்வளவு வரும் சேர்?" என்று அடுத்ததாகக் கேட்டார்.