குழல் நீளம், ஆயுள் குறைவு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போர் விளையாட்டு என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. பெரிய மேசை, அதன் மேல் அட்டையில் செய்த ஊர், 1:72, 1:100 அளவுகளில் குறுக்கப்பட்ட டாங்கிகள், பீரங்கிகள், சிப்பாய்கள். அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, யார் செத்தார் என்று முடிவு செய்வார்கள். விளையாடுபவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். சிரிக்கலாம்தான். ஆனால் இதன் மூதாதையைத் தேடிப் போனால் நர்சரிக்குப் போகமாட்டோம், பிரஷ்ய ராணுவத் தலைமையகத்துக்குத்தான் போவோம். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் பகடையால் இழப்பைக் கணக்கிடும் ஆட்டத்தைத் தளபதிகளுக்குக் காட்டினார். அது அதிகாரிகளின் பயிற்சியில் சேர்ந்தது. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதி அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பீரங்கி, ஸ்பிரிங் வைத்து மரத்துண்டைச் சுடும் பொம்மை. அடுத்த வருஷமே நிஜப் போர் வந்துவிட்டது.

இந்த மேசைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை சோவியத் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள். சும்மா சொல்லக்கூடாது, வார்ப்பவர்களின் கவனம் அசாத்தியமானது. ஸிஸ்-3 பீரங்கியின் குழல் முனையில் பின்னுதைப்பைக் குறைப்பதற்காக வைத்த துளைபோட்ட உறை, கேடயத் தகட்டின் ஆணிகள், சக்கரத்தின் துளைகள் எல்லாம் இருக்கும். நிஜத்தில் ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 1:72இல் ஒரு விரல் நீளத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு இடத்தில்தான் அளவு பொய் சொல்லியாக வேண்டும். 45 மில்லிமீட்டர் பீரங்கியை 1:100க்குக் குறுக்கினால் குழலின் உள்வட்டம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அப்படி வார்த்தால் கை பட்டதும் வளைந்துவிடும் என்பதால் குழலைப் பருமனாக்கிவிடுகிறார்கள்.

ஸிஸ்-3ஐ வடிவமைத்தவர் வசீலி கிராபின். கோர்க்கி நகரத்தின் 92ஆம் எண் தொழிற்சாலையில், ஏற்கெனவே இருந்த 76 மில்லிமீட்டர் பீரங்கியின் குழலை, 57 மில்லிமீட்டர் ஸிஸ்-2இன் இலேசான வண்டியில் ஏற்றினார். முறையான அனுமதி வருமுன்பே, 1941 இறுதியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. 1942 பிப்ரவரியில்தான் ராணுவம் ஏற்றுக்கொண்டது. மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இரண்டுக்கும் வண்டி ஒன்றே என்பதால், இன்று ஒரே பெட்டியில் இரண்டு குழல்களை வைத்து விற்கிற பொம்மைகளும் உண்டு. எதை ஒட்டுவது என்பது உங்கள் இஷ்டம். கிராபினின் சிக்கனத்தை எண்பது வருஷம் கழித்துப் பிளாஸ்டிக் வார்ப்பவரும் லாபக்கணக்கில் மறுபடி கண்டுபிடிக்கிறார்.

ரோலண்ட் பார்த் 1957இல் வெளிவந்த ‘மிதாலஜிஸ்’ நூலில் பொம்மைகளைப் பற்றி எழுதும்போது, அவை குழந்தையைப் படைப்பவனாக்காமல் உடைமைக்காரனாக்குகின்றன என்பார். இங்கேயும் அதேதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பொம்மை எதைக் காட்டுகிறது என்பதைவிட எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கணும். 45 மில்லிமீட்டர் பீரங்கியின் எடை சுமார் 560 கிலோ. அதைக் குதிரை இழுக்கும். சண்டை தொடங்கியபின் மனிதர்கள் சேற்றில் உருட்டுவார்கள். காலாட்படையோடு சேர்ந்து முன்வரிசைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு சின்னதாகச் செய்தார்கள். டாங்கி கிட்டே வரும்வரை சுடாமல் காத்திருக்க வேண்டும்; முதல் குண்டு போனதுமே இருக்கிற இடம் தெரிந்துவிடும். சிப்பாய்கள் அதற்கு ‘போய்வருகிறோம் தாய்நாடே’ என்று பெயர் வைத்தார்கள். ‘குழல் நீளம், ஆயுள் குறைவு’ என்பதும் அவர்கள் பேச்சுதான். மேசையில் அந்தப் பீரங்கியைச் சுற்றி மூன்றோ நாலோ உருவங்கள் ஒட்டப்பட்டிருக்கும். குண்டுப் பெட்டி தூக்குபவர் பல சமயம் இருக்கமாட்டார். குதிரை தேவை என்றால் தனியாக வாங்கணும்.

இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு, மனித உயிருக்குப் புள்ளி போடுகிறார்களே என்பது. ஆமாம், போடுகிறார்கள். ஒவ்வொரு பீரங்கிக்கும் அதன் குழுவோடு சேர்த்து ஒரு விலை. டைகர் டாங்கிக்குப் பல மடங்கு விலை. ஆனால் அந்த விலைப்பட்டியல் விளையாட்டு கண்டுபிடித்தது அல்ல. 1942 ஜூலை 1ஆம் தேதி ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணையைப் பாருங்கள். டாங்கி எதிர்ப்புப் படையினருக்குக் கூடுதல் சம்பளம். வீழ்த்திய ஒவ்வொரு டாங்கிக்கும் பீரங்கித் தலைவருக்கும் குறிபார்ப்பவருக்கும் 500 ரூபிள், குழுவின் மற்றவர்களுக்கு 200 ரூபிள். குண்டு எடுத்துக்கொடுப்பவரின் உயிர் குறிபார்ப்பவரின் உயிரில் பாதிகூட இல்லை. ‘இரட்டைச் சம்பளம், மூன்று மடங்கு சாவு’ என்று அவர்கள் அதற்கும் ஒரு வாசகம் சொன்னார்கள். கணக்குப் பார்த்தா, பகடை உருளும் முன்பே அரசு புள்ளி போட்டுவிட்டது.

விளையாட்டு தானாகவே சேர்த்த பொய் வேறு இடத்தில் இருக்கிறது. சோவியத் பீரங்கி மலிவு. வரிசையாக வாங்கி நிறுத்து, எண்ணிக்கையால் ஜெயி என்று பல விதிநூல்கள் ஆட்டக்காரனுக்குக் கற்றுத்தருகின்றன. இந்த ‘கும்பல்’ எங்கிருந்து வந்தது? போருக்குப் பின் ஃப்ரான்ஸ் ஹால்டர் மேற்பார்வையில் ஜெர்மன் தளபதிகள் அமெரிக்க ராணுவத்துக்காக எழுதிக் குவித்த அறிக்கைகளிலிருந்தும், அவர்களுடைய நினைவுக் குறிப்புகளிலிருந்தும். தோற்றவர்கள் எழுதிய வரலாறு பனிப்போர்க் காலத்தில் மேற்கின் வரலாறாகிவிட்டது. 1943இல் கூர்ஸ்க் சண்டையில் நடந்தது வேறு. பல பீரங்கிகளை ஒரே தலைவரின் கீழ் ஒளித்துவைத்து, எல்லாவற்றையும் ஒரே டாங்கியின் மேல் திருப்பச் சொன்னார்கள். ஜெர்மானியர்களே அதற்கு ‘பாக்ஃப்ரன்ட்’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். அது கும்பல் புத்தி அல்ல. ஆனால் காத்திருத்தலுக்கும் ஒளிதலுக்கும் பகடையில் எண் போடுவது கஷ்டம், எண்ணிக்கைக்குப் போடுவது சுலபம்.

அதே 1942 ஆணை இன்னொன்றையும் சொல்லியது. இவர்களின் இடது கையில் தனிச் சின்னம்: சிவப்பு விளிம்பிட்ட கறுப்புச் சாய்சதுரம், அதில் குறுக்காக வைத்த இரண்டு பீரங்கிக் குழல்கள். காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் குணமானதும் வேறு படைக்குப் போக முடியாது, டாங்கி எதிர்ப்புப் படைக்கே திரும்ப வேண்டும். சாயம் பூசுகிறவர்கள் இந்தச் சின்னத்தைப் பற்றி நன்றாகவே அறிவார்கள். 1:72இல் சிப்பாயின் உயரமே இரண்டரை சென்டிமீட்டருக்குள்தான். அவன் கையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கறுப்புப் புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒற்றை மயிர்த் தூரிகையால் சிவப்பு இழுப்பார்கள்.