வேல்ஸ் இளவரசர் மகுடம் (1969)

சார்ல்ஸுக்கு இளவரசுப் பட்டம் சூட்டிய விழாவுக்கென்று செய்த தங்க மகுடம். 1969 ஜூலை 1 அன்று வேல்ஸில் உள்ள கார்நார்வன் கோட்டையில் அரசி இரண்டாம் எலிசபெத் இதைத் தம் மகன் தலையில் சூட்டினார். வடிவமைத்தவர் லூயிஸ் ஆஸ்மன். கட்டடக் கலையும் பொற்கொல்லமும் அறிந்தவர். இலண்டன் பொற்கொல்லர் சங்கம் இதை அன்பளிப்பாக வழங்கியது.

புதிய மகுடம் தேவைப்பட்டதற்குக் காரணம் விசித்திரமானது: பழையது நாட்டிலேயே இல்லை. 1902 முடிசூட்டு விழாவில் இளவரசர் ஜார்ஜ் அணிவதற்காகச் செய்த மகுடத்தையே 1911இல் அவர் மகன் எட்வர்ட் கார்நார்வனில் சூடினார். 1936இல் அரியணையைத் துறந்தபோது எட்வர்ட் அதையும் பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டார். 1972இல் அவர் இறந்த பிறகுதான் அது திரும்பி வந்தது. அதற்கும் முன் 1728இல் இளவரசர் பிரெடரிக்குக்காகச் செய்த மகுடமோ அணியத் தகாத அளவு பழையது.

வாரிசு இளவரசரின் மகுடத்துக்கு ஒற்றை வளைவுதான் என்பது இரண்டாம் சார்ல்ஸின் 1677ஆம் ஆண்டு ஆணை. ஆஸ்மன் அதை மீறவில்லை. சுற்றிலும் நான்கு சிலுவை, நான்கு அல்லி, உள்ளே ஊதா வெல்வெட் தொப்பி, அடியில் எர்மின் மென்மயிர் என்று மரபு அப்படியே இருக்கிறது. செய்முறைதான் புதிது. 24 காரட் சொக்கத் தங்கத்தைத் தட்டி வளைக்காமல், மின்சாரத்தால் அச்சில் படியவைத்து உருவாக்கினார்கள். பதித்தவை 75 வைரம், 12 மரகதம்.

வளைவின் உச்சியில் இருக்கும் உருண்டையைப் பார்த்தால் பொன் குண்டு என்றே தோன்றும். உள்ளே இருப்பது பிங்-பாங் பந்து. அதன்மேல் தங்க முலாம். அரச அணிகலன்களில் இவ்வளவு துணிச்சலான சிக்கனத்தை வேறெங்கும் காண்பது அரிது. உருண்டையில் செதுக்கு வேலை செய்தவர் மால்கம் ஆப்பிள்பி. அதன்மேல் வைரங்கள் விருச்சிக விண்மீன் கூட்டத்தின் வடிவில் பதிந்துள்ளன. மேலைநாட்டுக் கணக்கில் சார்ல்ஸின் ராசி அது. (அவர் பிறந்த நவம்பர் 14 நம் பஞ்சாங்கத்தில் ஐப்பசி, சூரியன் துலாத்தில்.)

விழாவுக்குரிய மற்ற அணிகளான வாள், கோல், மோதிரம் ஆகியவை புதிதாகச் செய்யப்படவில்லை. கோஸ்கோம் ஜான் வடிவமைத்த 1911ஆம் ஆண்டு அணிகளே போதுமானவையாக இருந்தன. மோதிரத்தில் இரண்டு டிராகன்கள் ஒரு செவ்வந்திக் கல்லைப் பற்றியிருக்கின்றன.

2022 செப்டம்பரில் வில்லியம் வேல்ஸ் இளவரசரானார். அவருக்கு இத்தகைய விழா நடத்தப்படவில்லை. ஆஸ்மனின் மகுடம் 2020 முதல் இலண்டன் கோபுரத்தில் காட்சிக்கு உள்ளது.