தந்தி ஆபீசும் பூட்டுப் படமும்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இன்டர்நெட் காற்றில் வருகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சேவுகம்பட்டியில் நம் செல்போனுக்கும் டவருக்கும் நடுவில்தான் காற்று. டவரைத் தாண்டினால் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கம்பிதான். மண்ணுக்குள்ளும் போகிறது, கடலுக்குள்ளும் போகிறது.

இது புதுசும் இல்லை. இந்தியாவில் பொதுமக்களுக்குத் தந்தி வந்தது 1855-ல். 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி ஓடியது. 2002-ல் அதே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கி.மீ. நீளத்துக்கு 'ஐ2ஐ' என்ற இன்டர்நெட் கேபிள் போட்டார்கள்.

தந்தியில் ஒரு சங்கடம் உண்டு. நாம் எழுதிக் கொடுத்ததை ஆபீசில் இருப்பவர் படித்தால்தான் 'கட்டுக் கடகட' என்று அடிக்க முடியும். வழியில் எத்தனை ஆபீசோ, அத்தனை பேருக்கும் நம் வீட்டுச் சாவும் கல்யாணமும் தெரியும். அதனால்தான் வியாபாரிகள் சங்கேத வார்த்தை வைத்துக்கொண்டு தந்தி அடித்தார்கள்.

இன்டர்நெட்டுக்கும் இதே சங்கடம். 1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டன. 'லாகின்' என்று அனுப்பப் பார்த்தார்கள். இரண்டு எழுத்து போனதுமே படுத்துவிட்டது! செய்தியைத் துண்டு துண்டாக்கி அனுப்புவதுதான் அதன் முறை. ஒரு புத்தகத்தைக் கிழித்து, பக்க எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளச் சொல்லி, பாதியைச் செம்பட்டி பஸ்ஸிலும் பாதியை நிலக்கோட்டை பஸ்ஸிலும் திண்டுக்கல்லுக்கு அனுப்புகிற மாதிரி. ஒரு ரோடு அடைபட்டால் இன்னொன்று. அருமையான ஏற்பாடு. ஆனால் ஒருவரையொருவர் தெரிந்த ஆராய்ச்சிக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்டது. நடுவில் திருடன் நிற்பான் என்று யோசித்துக் கட்டியதில்லை.

நம் நாட்டில் 1986-ல் தொடங்கிய 'எர்நெட்' திட்டமும் சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில கல்வி நிறுவனங்களோடுதான் ஆரம்பித்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தது. வீடு கட்டி முடித்து, கூட்டம் வந்த பிறகு கதவு தேடிய கதை இது.

அந்தக் கதவுக்குப் பூட்டு எப்படி வந்தது? 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். நான் ஒரு திறந்த பூட்டை உங்களுக்கு அனுப்புகிறேன், சாவி என்னிடமே இருக்கிறது. நீங்கள் பெட்டியில் செய்தியை வைத்து, பூட்டை அமுக்கி அனுப்புகிறீர்கள். வழியில் யார் கையில் சிக்கினாலும் திறக்காது. சாவி ஊர் ஊராக அலையவும் வேண்டாம். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் கணக்கு போட்டு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் அதை இணையதளங்களுக்குக் கொண்டுவந்தது. முகவரிக்குப் பக்கத்தில் நாம் பார்த்த பூட்டுப் படம் அதன் அடையாளம்தான்.

இங்கேதான் நம் பென்ஷன்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஒருவர் என்னிடம், "சார், பூட்டு இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டார். பூட்டு வழியை மட்டும்தான் காக்கும். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. திருடனும் நல்ல திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டலாமே!

ஆகவே பெயரைப் பாருங்கள். முகவரியில் 'எச்.டி.டி.பி.எஸ்'-க்கு அப்புறம் வரும் பெயரை, முதல் சாய்வுக் கோட்டோடு நிறுத்தி, வலமிருந்து இடமாகப் படியுங்கள். வங்கியின் பெயர் முன்னால் எங்கே இருந்தாலும் கணக்கில்லை, கோட்டை ஒட்டியிருக்கும் கடைசிப் பகுதிதான் உண்மையான சொந்தக்காரன். நம் வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது இதற்காகத்தான்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வழி உண்டு.